ஒன்பதாம் அத்தியாயம் இரண்டு

கைலாசம் கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை முடிகிறவரை எல்லாரும் அவரையே கரித்துக்கொட்டுவார்கள். தம்பி சுவாமிநாதன் செத்த பிறகு, அவன் எழுதி வைத்துவிட்டுப் போன புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு ஓடியவர் அவர்தான். யுத்த காலம். தறிக்கு நூல் கிடைக்காமல் அவர்கள் ஊர் ராசிபுரமே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. காகிதத்தையோ சர்க்கார் அளந்து கொடுத்தது. அந்த நேரத்தில் யார் யாரையோ பிடித்து, ஐந்நூறு பிரதிக்கு வேண்டிய காகிதத்துக்கு உத்தரவு வாங்கினாரே, கூடப்பிறந்தவனைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

ஆயுத பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் சேலத்திலிருந்து நேராகத் தம்பி வீட்டுக்கு வந்தார். சுவாமிநாதனின் மனைவி பெரியநாயகி வெள்ளைச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள். துக்கம் நடந்து வருஷம் திரும்பாத வீடு. பூசையும் கிடையாது, பொரிகடலையும் கிடையாது.

"அம்மிணி, ஒரு சொம்பு தண்ணி குடு. கடைசி பாரம், கடைசி அத்தியாயம்தான், மிசின்ல ஏறிப்போச்சு. பூசை கழிச்சு அதையும் அடிச்சுட்டாங்கன்னா தம்பி புஸ்தகம் முடிஞ்சுது. என்ர கடமையும் முடிஞ்சுது" என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சட்டைப்பைக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதக் கற்றை ஒன்றை எடுத்தார். "இத பாரு, குடுக்கோணும் குடுக்கோணும்னு மறந்தே போனேன். இது உன்னோடது. கட்டுக்குள்ள கலந்து கெடந்துச்சு."

பெரியநாயகி வாங்கிப் பிரித்தாள். குண்டு குண்டான எழுத்து. அவள் எழுத்து. தலைப்பில் ஒன்பது என்று போட்டிருந்தது.

"மாமா, இது எப்படிங்க உங்ககிட்ட இருக்குது? இது அச்சாபீசுல அல்லங்க இருக்கோணும்?"

"ஒம்பதுன்னு போட்டு ரெண்டு இருந்துச்சு அம்மிணி. ஒண்ணு தம்பி எழுத்து. ஒண்ணு உன்ர எழுத்து. தம்பி புஸ்தகத்துல தம்பி எழுத்துத்தான போகோணும்? அதைக் குடுத்தேன். நீ ஏதோ ஞாபகத்துக்குப் பாத்து எழுதி வெச்சிருப்பேன்னு இதைப் பத்திரமா எடுத்து வெச்சேன்."

சொல்லுங்கள், இதில் அவர் மேல் என்ன குற்றம் கண்டுபிடிப்பது?

சுவாமிநாதன் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். தறிக்கார வீட்டில் பிறந்து திருச்சிராப்பள்ளிக்குப் போய்க் காலேஜில் படித்துவிட்டு வந்தவர். அணுவுக்குள் என்ன இருக்கிறது, வெளிச்சம் எப்படி வருகிறது, இதையெல்லாம் சீமைப் பண்டிதர்கள் ஒருவரோடொருவர் சண்டை போட்டு எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தமிழில் ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்பது அவருக்குப் பித்து. தறிக்காரனும் படிக்க வேண்டும், படித்தால் புரிய வேண்டும். வெளிச்சம் எண்ணெயைப் போல ஒழுகி வருவதில்லை, கடைக்காரர் மடித்து வைத்த பொட்டலமாகத்தான் வரும், அரைப் பொட்டலம் கேட்டால் கிடைக்காது என்று அவர் எழுதியதை வாசிக்க, பெரியநாயகி ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே கேட்பாள். அவள் கொட்டாவி விட்டால் அந்தப் பக்கத்தை அடித்துவிடுவார். "உனக்குக் கொட்டாவி வந்தா ஊருக்கே வரும் புள்ள" என்பார். இப்படி அடித்தும் எழுதியும் வருஷங்கள் போய்விட்டன.

எட்டு அத்தியாயத்துக்கும் சிகரம் ஒன்பதாவது. காலேஜில் படித்ததை அப்படியே மனதில் வைத்திருந்து எழுதியது. அணு என்பது ஒரு குட்டிச் சூரிய மண்டலம். எலக்ட்ரான்கள் கிரகங்களைப் போல அதனதன் தடத்தில் சுற்றும். தறியில் ஊடு நூலை ஏந்திக் குறுக்கே போய்வருகிற நாடா எப்படித் தடம் தவறாமல் ஓடுகிறதோ அப்படி. "எல்லாவற்றுக்கும் தடம் உண்டு. தடம் அறிந்தவன் நாளை நடப்பதை இன்றே சொல்வான்" என்று முடியும். கேட்டுவிட்டுப் பெரியநாயகி கைதட்டியிருக்கிறாள்.

நெஞ்சுநோயில் படுத்த பிறகு, மதராசில் வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் பொழுதுபோகட்டும் என்று ஓர் இங்கிலீஷ் புத்தகம் அனுப்பினார். பொழுது நன்றாகத்தான் போயிற்று. படித்து முடித்ததும் வாத்தியாருக்கு முகம் செத்துவிட்டது.

"புள்ள, நான் எழுதுன ஒம்பது அத்தனையும் புளுகு."

"என்னங்க சொல்றீங்க?"

"தடமே கெடையாதாமா. பதினைஞ்சு வருசத்துக்கு முந்தியே மாத்திப்போட்டாங்க. ராசிபுரத்துக்கு ஒருத்தனும் வந்து சொல்லுல" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகிக் கண்ணில் நீர் முட்டியது.

அப்போதே கை நடுக்கம். பேனா பிடிக்க முடியவில்லை. அவர் சொல்லச் சொல்லப் பெரியநாயகிதான் புது ஒன்பதை எழுதினாள். சும்மா எழுதவில்லை, வாதாடிக்கொண்டு எழுதினாள்.

"எங்க இருக்குதுன்னு பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது. இதுல என்னங்க கஷ்டம்?"

"பாக்கோணும்னா வெளிச்சம் படோணுமல்ல? பட்டா அது அடிபட்டு நகந்துக்கும். பாக்குற பார்வையே பாக்குற பொருளைக் கலைச்சுப்போடும்."

"அப்பப் பாக்காதப்ப அது பாட்டுக்குத் தடத்துல ஓடுதுன்னு வெச்சுக்கலாமல்ல?"

"அதையும் வெச்சுக்க முடியாதுங்கறாங்க. அப்படி ஒரு தடம் இருக்குதுன்னு சொல்றதுக்கே வழியில்லை. இங்க இருக்க இவ்வளவு வாய்ப்பு, அங்க இருக்க இவ்வளவு வாய்ப்பு. அவ்வளவுதான் சொல்லலாம்."

"அட கடவுளே, இதைத் தெரிஞ்சுக்கவா இத்தனை பேரு படிச்சாங்க?"

வாத்தியாருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "எழுது புள்ள, அதையும் எழுது. படிக்கிறவன் அதைத்தான் கேப்பான்" என்றார். அவள் கேள்வியும் அத்தியாயத்துக்குள் ஏறிற்று. "தெரியாது என்று சரியாகச் சொல்லத் தெரிந்துகொண்டதுதான் நம் காலத்துப் படிப்பு" என்று அந்த ஒன்பது முடிந்தது.

உயிர் போவதற்கு முன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பேசியது வேறு எதுவும் இல்லை; வீட்டைப் பற்றி இல்லை, அவளைப் பற்றிக்கூட இல்லை. "பழசைக் கிழிச்சுப் போட்டுரு. அது அச்சுல ஏறுச்சுன்னா எத்தனை பேரு படிக்கறானோ அத்தனை பேருகிட்டயும் நான் புளுகுனவன். மாத்தறதுக்கு நான் இருக்க மாட்டேன்."

"சரிங்க" என்று சொன்னாள். கிழிக்கவில்லை.

எப்படிக் கிழிப்பாள்? பழைய ஒன்பது அவர் கையெழுத்து. நடுக்கம் வருவதற்கு முன்பு, திடமான கையால், ஒரு அடித்தல் இல்லாமல் எழுதியது. மனிதர் போன பிறகு அந்த வீட்டில் அவர் கை என்று மிச்சம் இருந்தது அதுதான். புதியதை மேலே வைத்து, பழையதை அடியில் வைத்து, சேர்த்துக் கட்டிவிட்டாள். மேலே இருப்பதைத்தானே எடுப்பார்கள் என்று நினைத்தாள். கட்டு கைலாசம் கைக்குப் போனபோது அவள் சுயநினைவோடு இருந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது.

இப்போது நினைவு நன்றாக இருந்தது. "மாமா, மேல இருந்ததுதானுங்க சரி. அவரு மாத்திப்போட்டாரு. பழசு அத்தனையும் தப்புங்க" என்றாள்.

கைலாசம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "எட்மாஸ்டர் புரூப் பாத்து எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டாரே அம்மிணி. அவரு படிக்காத சயன்ஸா?"

"ஒரு தந்தியாச்சும் அடிங்க மாமா. புஸ்தகத்தை அடிக்க வேண்டாம்னு சொல்லி."

"பூசையும் அதுவுமாத் தந்தியா? அச்சாபீசுக்காரரு ஊட்டுல கவரைப் பாத்ததும் சாவுச் சேதின்னு ஒப்பாரி வெச்சுருவாங்க. மூணாம் நாள் நானே போய்க் கேக்கறேன், போ. நாளைக்கு எப்படியும் மிசினைத் தொட மாட்டாங்க."

நாளைக்குத் தொட மாட்டார்கள், சரி. நாளை மறுநாள் காலையில் தொடுவார்களே! பெரியநாயகி அதற்குமேல் அவரோடு பேசவில்லை. பக்கத்து வீட்டு ஆத்தாயி சேலத்தில் குகை என்கிற பகுதியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் பூசைக்குப் போகிறாள் என்று தெரியும். மறுநாள் காலையில் அவளோடு கிளம்பிவிட்டாள். மடியில் அந்தக் காகிதக் கற்றை.

பெட்ரோல் இல்லாத காலம். பஸ் கரியில் ஓடிற்று. பின்னால் ஒரு பீப்பாயைக் கட்டி, கரியைப் போட்டு ஊதி ஊதிப் புகையைக் கிளப்பி, அது மனது வைத்தால் நகரும். ஆயுத பூசையாதலால் அன்றைக்கு வண்டிக்கு வாழைக்கன்று, மாலை, சந்தனம், சகல உபசாரமும் நடந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். பெரியநாயகி ஏறப் படியில் கால் வைத்தாள்.

"செத்த நில்லுங்கம்மா" என்றான் கண்டக்டர். மரியாதையாகத்தான் சொன்னான். "நல்ல நாளு. மொதல்ல ஒரு மஞ்சக்குங்குமம் ஏறட்டும்."

அவள் காலை எடுத்துக்கொண்டாள். கோபம்கூட வரவில்லை, அவளே முதலில் யோசித்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆத்தாயி முன்னால் ஏறினாள், இவள் கடைசியில் ஏறினாள். சுவாமிநாதன் இருந்திருந்தால் கண்டக்டரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அவருடைய அம்மாவும் வெள்ளைச் சேலைக்காரிதான். பரீட்சைக்குப் போகிற நாளெல்லாம் "ஆத்தா, நீ எதுக்க வா, அப்பத்தான் நான் பாஸாவேன்" என்று அந்த அம்மாளை வீதியில் நிறுத்திவிட்டுப் போனவர். பாஸும் ஆனார். ஆனால் அவர் இல்லையே இப்போது.

மல்லூர் தாண்டி வண்டி நின்றுவிட்டது. கரி பற்றவில்லை. இறங்கித் தள்ளினார்கள், ஊதினார்கள், கும்பிட்டார்கள். சேலத்தில் கொண்டுபோய் விட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. கடைவீதிக்குப் பின்சந்தில் தீர்த்தகிரியின் அச்சாபீசுக்கு ஆத்தாயியை இழுத்துக்கொண்டு ஓடினாள். கதவு பூட்டியிருந்தது. பூட்டுக்குச் சந்தனம் வைத்து ஒரு செவ்வந்திப் பூவும் சொருகியிருந்தார்கள்.

காவல்காரக் கிழவர் சின்னுசாமி பொரியை மென்றுகொண்டிருந்தார். "மொதலாளி பூசை முடிச்சுக் குடும்பத்தோட கோயிலுக்குப் போயிட்டாருங்க. ஊடும் பூட்டிக் கெடக்குது. நாளைக்குக் காலம்பற மறுபூசை போட்டுத்தான் தொறப்பாங்க."

"நாளைக்கு மிசின் ஓடுமுங்களா? ராசிபுரத்து வாத்தியார் புஸ்தகம் ஏறி நிக்குதாமா. அதை அடிக்கக் கூடாதுங்க. மொதலாளிகிட்டச் சொல்லோணும்."

கிழவர் சிரித்தார். "அடப்போங்கம்மா, பயப்படாதீங்க. நாளைக்கு ஓட்டறது சாஸ்திரத்துக்குத்தான். நாலு தாளு ஓட்டித் தேங்கா ஒடைச்சுட்டு நிறுத்திருவாங்க. நான் எத்தனை வருசமாப் பாக்கறேன்! பூசை முடிஞ்சு மொதலாளி வெளிய வந்தப்பறம் சாவகாசமாச் சொல்லிக்கலாம்."

பொய் சொல்லவில்லை அந்தக் கிழவர். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் நடந்தது.

விஜயதசமியன்று விடிந்ததும் ஆத்தாயிக்குக்கூடச் சொல்லாமல் பெரியநாயகி அச்சாபீசுக்கு வந்துவிட்டாள். சந்தில் எதிர்ப்பக்கம் ஒரு புங்கமரம். அதன் பின்னால் நின்றாள். தீர்த்தகிரி, வேலையாட்கள், பட்டுச்சேலையும் மஞ்சள் முகமுமாகப் பெண்கள், எல்லாரும் உள்ளே போனார்கள். ஓடிப்போய்க் கூப்பிட அவள் கால் ஒருமுறை கிளம்பியது. உடனே நின்றுவிட்டது. வருஷத்தில் ஒரு நாள். இந்த ஒரு நாள் முகூர்த்தத்தை நம்பி ஒரு வருஷத்துப் பிழைப்பு. கதவு திறக்கிறபோது எதிரே வெள்ளைச் சேலை போய் நின்றால் என்ன ஆகும்? அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் மனதுக்குள் நொந்துகொள்வார்கள். அந்தப் பாவம் வேறு எதற்கு? நாலு தாள் ஓட்டட்டும், தேங்காய் உடைக்கட்டும், அதற்குப் பிறகு போகலாம். அவள் இன்னும் ஒரு அடி பின்னால் தள்ளி, மரம் தன்னை முழுக்க மறைக்கிற மாதிரி நின்றுகொண்டாள்.

உள்ளே மணி அடித்தது. கற்பூர வாசனை வந்தது. பிறகு மிசின் சத்தம் கேட்டது. ஓர் ஆள் சக்கரத்தைச் சுற்ற, தடக் தடக் என்று தாள் விழுகிற சத்தம்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மரத்தைவிட்டு வெளியே வந்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

இதோ நிறுத்துவார்கள். தேங்காயும் உடைத்தாகிவிட்டது, சத்தம் கேட்டது. இதோ, இதோ. தடக் தடக் என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பெரியநாயகிக்கு வியர்த்தது. சந்தைக் கடந்து வாசல்படிவரை போய்விட்டாள். படிக்கு மேலே தீர்த்தகிரியின் மனைவி ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைச் சேலையைக் கண்டதும் அவள் முகம் ஒரு நொடி சுருங்கி, உடனே பழையபடி ஆயிற்று.

"யாருங்கக்கா? செத்த அப்படி ஓரமா இருங்க. ஓட்டம் நடக்குது. முடிஞ்சதும் அவரை அனுப்பறேன்."

"அதை நிறுத்தோணுமுங்க. மிசினை நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் பெரியநாயகி.

"ஐயோ, நல்ல நேரத்துல நிறுத்துங்கற வார்த்தையைச் சொல்லாதீங்கக்கா!" என்று அந்தப் பெண் பதறிப்போய்த் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நிஜமான பயம். வயிற்றைப் பார்த்தால் நிறைமாசம். பெரியநாயகி படியிலிருந்து இறங்கிவிட்டாள். அதற்கு மேல் ஏறுகிற தைரியம் அவளுக்கு இல்லை. ஓரமாகப் போய் நின்று, ஒவ்வொரு தடக்குக்கும் ஒரு தாள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்துத்தான் தீர்த்தகிரி வெளியே வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் ஈரம் காயாத ஒரு தாள். யார் என்று கேட்டுத் தெரிந்ததும் அந்த மனிதர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா, வாத்தியாரம்மாவா! கூப்பிட்டாப்பல வந்திருக்கீங்க பாருங்க! எப்பவும் நாலு தாளோட நிறுத்திக்குவோம். இந்த வருசம் என்னமோ எனக்குத் தோணுச்சு. வித்தை ஆரம்பிக்கற நாளு, வாத்தியார் புஸ்தகம் மிசின்ல நிக்குது, இதைவிட நல்ல ஆரம்பம் எங்க கெடைக்கும்னு முழுசையும் ஓட்டிப்போட்டேன். முகூர்த்தத்துல எடுத்தது, நடுவுல நிறுத்தக் கூடாதுங்கல்ல? ஒரே மூச்சு! ஐந்நூறும் முடிஞ்சுது." தாளை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கினாள். ஒன்பது. எல்லாவற்றுக்கும் தடம் உண்டு. அச்சு அருமையாக விழுந்திருந்தது.

மடியிலிருந்த கற்றையை எடுத்து நீட்டி, நடந்ததையெல்லாம் சொன்னாள். கேட்ட தீர்த்தகிரி கற்றையைப் புரட்டிப் பார்த்தார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப வந்தீங்கம்மா?"

"விடியறப்பவே வந்துட்டேனுங்க. அந்த மரத்துக்குப் பின்னால நின்னுட்டிருந்தேன்."

"ஒரு கொரல் குடுத்திருக்கலாமல்லங்க?"

"எப்படிங்க குடுப்பேன்?"

அவர் அவளுடைய சேலையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். கொடுத்திருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. நல்ல மனிதர், பொய் வரவில்லை.

"திரும்ப அடிக்கக் காகிதம்?" என்று அவளே கேட்டாள்.

"உத்தரவுக்கு வந்தது அத்தனையும் ஓடிப்போச்சுங்க. இனி யுத்தம் முடிஞ்சாத்தான். ஒண்ணு வேணா பண்ணலாம். ஓரம் வெட்டுன துண்டு கெடக்குது. பிழை திருத்தம்னு ஒரு சீட்டு அடிச்சு உள்ள வெச்சுக் கட்டிரலாம். ரெண்டு வரிதான் புடிக்கும். என்ன போடட்டுமுங்க?"

அத்தனை பக்கத்தை இரண்டு வரியில் எப்படிச் சொல்வது? பெரியநாயகி யோசித்தாள். "ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் பிழைன்னு போடுங்க."

தீர்த்தகிரி தலையைச் சொறிந்தார். "அது யாரு சொன்னதாப் போடறதுங்க?"

"அவருதானுங்க சொன்னாரு."

"தப்பா நெனைக்காதீங்க. அவரு எழுத்துல ஒரு வரி இருந்தாப் போதும், கண்ணை மூடிட்டுப் போட்டுருவேன். இது உங்க எழுத்தாச்சுங்களே. அவரு எழுத்துல இருக்கறதுதான் இப்ப நான் அடிச்சது. எட்மாஸ்டர் சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அதுவரைக்கும் புஸ்தகத்தைக் கட்டாம வெச்சிருக்கறேன்."

தலைமையாசிரியர் தண்டாயுதபாணி, தீர்த்தகிரி கேட்டு எழுதிய கடிதத்துக்கு விடை எழுதவில்லை, நேரிலும் வரவில்லை. கைலாசம்தான் போய்ப் பேசிவிட்டு வந்தார். "செத்தவனைத் தப்புன்னு அச்சடிச்சு ஊரெல்லாம் குடுக்கறதா? உனக்கே நல்லாருக்குதா அம்மிணி?" என்று கேட்டார். கேட்கும்போது கண் கலங்கியிருந்தது. புத்தகம் சீட்டு இல்லாமல் கட்டாயிற்று.

கார்த்திகையில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் கூட்டம். வாத்தியார் படத்துக்கு மாலை. முன்வரிசையில் தறிக்காரர்கள், பின்னால் பிள்ளைகள், ஒவ்வொருவர் கையிலும் புத்தகம். அவர் ஆசைப்பட்ட அதே கூட்டம்தான். பெரியநாயகியைப் பெண்கள் பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். தண்டாயுதபாணி புத்தகத்தின் பெருமையைச் சொல்லிவிட்டு, "இந்த நூலின் மணிமுடி ஒன்பதாம் அத்தியாயம்" என்று ஆரம்பித்து வாசித்தார். நல்ல குரல். தறிக்காரர்கள் நாடா என்ற வார்த்தை வந்ததும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கைலாசம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரியநாயகி எழுந்து நின்றாள். சபையில் பேசியறியாதவள். "ஐயா, அது தப்புங்க" என்றாள். "அவரே மாத்திட்டாருங்க. இதுதான் சரியான ஒம்பது" என்று கற்றையை எடுத்து நீட்டினாள்.

தண்டாயுதபாணி மேடையைவிட்டு இறங்கி அவளிடமே வந்தார். கற்றையை இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்தார். அவசரப்படவில்லை, சிரிக்கவுமில்லை.

"எதைப் பார்த்து எழுதினார் அம்மா?"

"ஒரு இங்கிலீஷ் புஸ்தகமுங்க. மதராசு சிநேகிதரு அனுப்புனாரு. படிச்சுட்டுத் திருப்பி அனுப்பிட்டோம். அவரு இப்பப் பட்டாளத்துல எங்கியோ இருக்கறாருங்க."

"புத்தகத்தின் பேர்?"

இங்கிலீஷில் அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. "நீல அட்டைங்க" என்றாள்.

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். தண்டாயுதபாணி திரும்பி ஒரு பார்வை பார்த்தார்; சிரிப்பு நின்றது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "அம்மா, நானும் காலேஜில் அச்சில் இருக்கிறதைத்தான் படித்தேன். அவர் எழுதியது ஓர் எழுத்துப் பிசகில்லை. கடைசியில் ரொம்ப முடியாமல் இருந்தார். காய்ச்சல் வேகத்தில் ஏதோ சொல்லியிருப்பார், நீங்களும் பாவம் சொன்னதையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். தெரியாது என்று முடிகிற சயன்ஸ் உலகத்தில் உண்டா? நீங்களே சொல்லுங்கள்."

அவள் சொல்லலாம். வெளிச்சம் பட்டால் அடிபட்டு நகர்கிறதைச் சொல்லலாம், வாய்ப்பைச் சொல்லலாம், அவள் கேட்ட கேள்விகளையும் அவர் சொன்ன பதில்களையும் வரி வரியாகச் சொல்லலாம். எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அது அவள் வாயிலிருந்து வந்தால் அவள் சொன்னதாகத்தானே ஆகும்? அவள் எழுத்தில் இருந்தது அவள் எழுத்தாகவே ஆனது போல. இதைச் சரியென்று சொல்ல ராசிபுரத்தில் இருந்த ஒரே ஆள் படத்துக்குள் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தலைமையாசிரியர் கற்றையை மடித்து, மரியாதையாக அவள் கையில் கொடுத்துவிட்டு மேடைக்குப் போனார். "வாத்தியாரின் கடைசி வாக்கியத்தை எல்லாரும் சேர்ந்து சொல்வோம்" என்றார். பிள்ளைகள் எழுந்து நின்று புத்தகத்தைப் பிரித்துக்கொண்டார்கள்.

"எல்லாவற்றுக்கும் தடம் உண்டு. தடம் அறிந்தவன் நாளை நடப்பதை இன்றே சொல்வான்."

இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இன்னும் உரக்கச் சொன்னார்கள். தறிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெரியநாயகிக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. சபையில் அப்படிச் செய்யக் கூடாது என்று, கற்றையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்லி முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தாள்.